டேப்பில் ஒரு சின்னக் காது

என் கணவரின் செத்தவீட்டில் என்னைவிட அதிகமாக அழுதவர் விக்னேஷ். கோயிலில் பூசை முடிந்து பெட்டியை வெளியே கொண்டுவந்தபோது எங்கள் தமிழ்ப் பூசைக்கு வருகிற புஷ்பமலர் அக்கா என்னைத் தாண்டிப் போய் அவருடைய முதுகைத் தடவினார்.

"அழாதையும் தம்பி. வின்சென்ற் நல்ல இடத்துக்குத்தான் போயிருப்பார்."

அதன் பிறகுதான் திரும்பி என் கையைப் பிடித்தார். பெண்சாதி நான் இங்கே நிற்கிறேன் என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. விக்னேஷின் மூக்கு சிவந்து, கண்ணாடி நனைந்து, பார்க்கப் பரிதாபமாக இருந்தார். எனக்குப் பரிதாபம் வரவில்லை. எரிச்சல் வந்தது.

வின்சென்ற் மன்னார்ப் பக்கம் பேசாலையில் பிறந்தவர். நாங்கள் கடல் தாண்டிக் குடிவந்த இந்த நகரத்தில், ஒனிஹங்கா என்ற பகுதியில் ஒரு வேர்க்‌ஷொப்பில் கார்களுக்கு வயரிங் செய்வது அவர் வேலை. இந்த ஊரில் ஓடுகிற கார்களில் பாதி ஜப்பானில் ஓடிக் களைத்து இங்கே வந்தவை. ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம், முழங்காலுக்கு மேலே, சுவிட்சுகளுக்கென்று ஒரு வரிசை இருக்கும். விலை குறைந்த கார்களில் அந்த வரிசையில் ஒன்றோ இரண்டோதான் சுவிட்ச். மற்ற இடங்களைக் கறுப்பு பிளாஸ்டிக் மூடியால் அடைத்திருப்பார்கள். வின்சென்ற் அவற்றைக் குருட்டுக் கண் என்பார். அந்தக் கண்களைத் திறப்பதுதான் அவருக்குப் பிடித்த வேலை.

யாராவது பனிப்புகாரில் போடுகிற விளக்கோ, இருக்கையைச் சூடாக்கும் பாயோ, பின்பக்கம் காட்டும் கமராவோ வாங்கிக்கொண்டு வருவார்கள். அந்தப் பெட்டிக்குள்ளேயே நீல வெளிச்சம் அடிக்கிற ஒரு சுவிட்சும் இருக்கும். அதை அவர் தொடமாட்டார். கார் உடைக்கிற யாட்டுக்குப் போய், அதே காரின் விலை கூடிய மொடலைத் தேடி, அதில் இருந்து கொம்பனி சுவிட்சைக் கழற்றி வருவார். அது குருட்டுக் கண்ணில் 'டக்' என்று உட்காரும். அதற்குப் பின்னால் வயரைக் கொடுத்து, மின்சாரத்தின் பாரம் தாங்காத இடத்தில் ரிலே வைத்து, மூடிவிடுவார்.

"கொம்பனியே வைச்சு அனுப்பினமாதிரி இருக்கவேணும்" என்பார். "நான் வந்துபோனதே பாக்கிறவனுக்குத் தெரியக்கூடாது."

ஆனால் தெரியும். எனக்குத் தெரியும். வயர்களைச் சுற்றுகிற துணி டேப்பின் நுனியை அவர் அப்படியே ஒட்டிவிடுவதில்லை. கடைசித் துண்டை உள்ளே மடித்து, ஒரு சின்னக் காதுபோல விட்டுவைப்பார். பிறகு யாராவது திறந்தால் அந்தக் காதைப் பிடித்து உரித்துக்கொள்ளலாம். "அடுத்தவன்ர நகம் ஏன் உடையவேணும்?" என்று கேட்பார். வீட்டிலும் அப்படித்தான். நத்தார்ப் பரிசு, அரிசிப் பை, எங்கள் மகளின் முழங்காலில் ஒட்டிய பிளாஸ்டர், எல்லாவற்றிலும் ஒரு காது இருக்கும்.

ஊரெல்லாம் கண் திறந்தவர் என் காரின் கண்களைத் திறக்கவில்லை. ஊரில் மடு மாதா கோயிலுக்குப் போனபோது வாங்கிவந்த கண்ணாடி மாதா சிலை ஒன்று என்னிடம் இருந்தது. உள்ளங்கை உயரம். அடியில் ஒரு சின்ன பல்ப் வைத்தால் சிலை முழுவதும் மெழுகுதிரி நிறத்தில் ஒளிரும். அதைக் காரின் டாஷ்போர்டில் வைத்து, சுவிட்ச் கொடுத்துத் தரும்படி கேட்டேன்.

"வாற சனிக்கிழமை பாப்பம்."

"போன வருசமும் இதைத்தான் சொன்னனீங்கள்."

"அது போன வருசத்துச் சனிக்கிழமை."

நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள். வராத சனிக்கிழமைகளை எண்ண எனக்குத் தெரியும். எண்ணவில்லை. வேலை செய்து களைத்து வருகிறவர் என்று விட்டேன்.

அப்போதுதான் புஷ்பமலர் அக்கா கார் வாங்கினார். தமிழ்ப் பூசை முடிந்து எல்லோரும் தேத்தண்ணீர்க் கோப்பையோடு நிற்கும்போது, வந்து பார் என்று என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். டாஷ்போர்டில் மடு மாதா ஒளிர்ந்துகொண்டிருந்தார். என்னுடையதைவிடச் சின்ன மாதா. கீழே ஒரு கொம்பனி சுவிட்ச், அதற்குள் ஒரு துளிப் பச்சை வெளிச்சம்.

"வின்சென்ற்தானே செய்தவர்?" என்று கேட்டேன். கேட்கும்போதே நெஞ்சு கொதித்தது.

"சீ, அவரை எங்க பிடிக்கிறது. பக்குரங்காவில ஒரு இந்தியத் தம்பி இருக்கிறார், விக்னேஷ் எண்டு. கார்க் கொம்பனியில கொம்பியூட்டரை வைச்சுப் பிழை பாக்கிற வேலை. சனிக்கிழமையில தன்ர கராஜுக்குள்ள இதுகளும் செய்து குடுக்கிறார். சைவ சமயத்துப் பெடியன். ஆனா மாதாவைத் தொட முதல் கையைக் கழுவிப்போட்டு வந்தவர், தெரியுமே."

அடுத்த சனிக்கிழமை நான் பக்குரங்காவுக்குப் போனேன். வின்சென்றிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். மகளின் பழைய சைக்கிளைத் திருப்பிப் போட்டுச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர் நிமிரவேயில்லை.

"போம். செய்யட்டும். பாப்பம்."

விக்னேஷ் கோயம்புத்தூர்க்காரர். "வாங்கக்கா, உக்காருங்க" என்று ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். சிலையை வாங்கமுன் உண்மையாகவே கை கழுவினார். பேசிக்கொண்டே வேலை செய்தார்.

"அக்கா, சாவி திறந்தா அம்மா முழிச்சுக்குவாங்க. சாவிய மூடினா அவங்களும் கண்ண மூடிக்குவாங்க. நீங்க சுவிட்சத் தொட வேண்டியதே இல்ல."

"பிறகேன் சுவிட்ச்?"

"புஷ்பமலர் அக்காவும் இதத்தான் கேட்டாங்க. சுவிட்ச் வேணும்தான். ஆனா அத அமுக்கி அம்மாவ அணைக்க உங்க யாருக்கும் மனசு வராதுல்ல. அதான் சாவியோட சேத்துட்டேன்."

எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அதை மறைக்காமல் வீட்டில் வந்து சொன்னேன். சாப்பாட்டு மேசையிலும் சொன்னேன். வின்சென்றுக்கு முன்னால் அந்தப் பெயரை எத்தனை தரம் சொன்னேனோ, ஒவ்வொரு தரமும் அவர் சோற்றைக் கொஞ்சம் அழுத்திப் பிசைந்தார். பார்க்க எனக்குச் சந்தோசமாக இருந்தது.

பிறகொரு வெள்ளிக்கிழமை பின்னேரம், நான் வேலையால் வந்ததும், "உம்மட காரைக் கழுவிவிடுறன்" என்றார் வின்சென்ற். கல்யாணம் கட்டிய நாளில் இருந்து அவர் என் காரைக் கழுவியதில்லை. குசினி யன்னலால் பார்த்தேன். வாளி காய்ந்துபோய் நின்றது. அவருடைய கால்கள் இரண்டும் சாரதிப் பக்கக் கதவால் வெளியே நீண்டிருந்தன. தலை டாஷ்போர்டுக்குக் கீழே. விக்னேஷின் வேலையில் பிழை தேடுகிறார் என்று விளங்கியது. தேடட்டும் என்று விட்டுவிட்டு வெங்காயம் அரிந்தேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பிழை கிடைத்திருந்தால் உடனே வந்து சொல்லியிருப்பார். அவர் வரவில்லை.

"கழுவியாச்சோ?" என்று கேட்டேன், அவர் உள்ளே வந்தபோது.

"ம்."

"ஊத்தை இருந்ததோ?"

"பெரிசா இல்லை."

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பால் வாங்க டெய்ரி என்கிற மூலைக் கடைக்கு ஓடிப் போய்வந்தேன். காரை கராஜுக்குள் விட்டுச் சாவியை எடுத்தேன். மாதா அணையவில்லை. பட்டுப்போல ஒளிர்ந்துகொண்டே இருந்தார். சுவிட்ச் என் விரலுக்குக் கிட்டத்தான் இருந்தது. அமுக்கியிருக்கலாம். ஆனால் அம்மா தானாக விழித்திருக்கும்போது நான் கைநீட்டி அணைப்பதா? சிலுவை அடையாளம் போட்டுவிட்டுக் கதவை மூடினேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வின்சென்றின் வேலை வான் வண்டியில்தான் போய்வந்தோம். அவரே வலிய வந்து ஏற்றிப் போனார்.

திங்கட்கிழமை காலை என் கார் செத்துக் கிடந்தது. கதவைத் திறந்தால் உள்விளக்குக்கூட எரியவில்லை. பிள்ளைகளுக்குப் பரீட்சை, நான் மண்டபத்தில் நிற்கவேண்டிய நாள். வின்சென்ற் வானுக்குள் ஏறியபடி சொன்னார்.

"ஆரிட்டச் செய்வித்தனீரோ அவரைக் கூப்பிடும். நான் அடுத்தவன்ர வேலையில கை வைக்கமாட்டன்."

சொல்லும்போது அவருடைய முகத்தில் வெளிச்சம் இருந்தது. என்னை ரயில் ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, விசில் அடித்துக்கொண்டு போனார். அவர் விசில் அடிக்கிறவர் அல்லர்.

விக்னேஷ் அன்று பின்னேரமே பக்குரங்காவில் இருந்து எங்கள் வீடு இருக்கிற மவுண்ட் ஆல்பர்ட் வரைக்கும், அந்த வாகன நெரிசலுக்குள்ளால், வந்தார். பட்டரிக்கு உயிர் கொடுத்துவிட்டு, டாஷ்போர்டின் கீழ்மூடியைக் கழற்றினார். நான் டோர்ச் பிடித்தேன். வின்சென்ற் தேத்தண்ணீர்க் கோப்பையோடு கராஜ் வாசலில் சாய்ந்து நின்றார். தான் எழுதிய நாடகத்தைப் பார்க்க வந்தவர்போல நின்றார்.

விக்னேஷ் உள்ளே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் குனிந்து பார்த்தேன். சாவியோடு போகவேண்டிய வயரை யாரோ வெட்டி, எந்நேரமும் மின்சாரம் இருக்கிற வயரோடு சேர்த்திருந்தார்கள். சேர்த்த இடம் அழகாக இருந்தது. புது ஃபியூஸ் ஒன்றுகூடப் போட்டிருந்தது. நெருப்புப் பிடித்து எனக்கு ஏதும் ஆகிவிடக்கூடாதே என்ற கவனம். அதன்மேல் துணி டேப், ஒழுங்காகச் சுற்றி. சுற்றிய நுனியில் ஒரு சின்னக் காது.

கெட்ட வேலை செய்யப் போன மனிதருக்குக் கெட்டதாகச் செய்ய வரவில்லை.

விக்னேஷ் அந்தக் காதை இரண்டு விரலால் தொட்டார். ஒருக்கால் திரும்பி வாசலைப் பார்த்தார். பிறகு என்னை.

"என் தப்புதாங்கக்கா" என்றார். "லைன மாத்திக் குடுத்துட்டேன். அவசரத்துல பண்ணது. மன்னிச்சுக்கங்க."

வாசலில் கோப்பை, அதற்குக் கீழே பிடித்திருந்த பிரிச்சில் தட்டுப்படுகிற சத்தம் கேட்டது.

அந்தக் கிழமை முழுவதும் வின்சென்ற் சாப்பிட்டும் சாப்பிடாமலும் இருந்தார். நானும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அவர் சொல்லியிருப்பார், சொன்னால் அது முடிந்துபோயிருக்கும். எனக்காக ஒரு மனிதர் இவ்வளவு பொறாமைப்பட்டிருக்கிறார் என்பதை இன்னும் கொஞ்ச நாள் வைத்திருக்க விரும்பினேன்.

வியாழக்கிழமை தானாகவே கதைத்தார்.

"அவன் கண்டவன். கண்டுபோட்டுத் தன்ர தலையில போட்டுக்கொண்டான்."

"அதுக்கென்ன இப்ப?"

"வேலையும் என்னைவிட வடிவாச் செய்யிறான். மனுசனாயும் என்னைவிட நல்லவனா இருந்தா நான் என்ன செய்யிறது சொல்லும்."

சனிக்கிழமை என்னிடம் நண்டுக்கறி வைக்கச் சொல்லி, அதைச் சட்டியோடு எடுத்துக்கொண்டு பக்குரங்காவுக்குப் போனார். மன்னிப்புக் கேட்கத்தான் போனார். போன இடத்தில் தெரிந்தது, விக்னேஷ் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர் என்று. கறியைப் பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் வாங்கிச் சாப்பிட்டாராம். வின்சென்ற் பொழுதுபட்டுத்தான் வந்தார், சிரித்துக்கொண்டு.

அடுத்த சனிக்கிழமை என்னைக் கத்தரிக்காய்க் குழம்பு வைக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு எல்லாச் சனிக்கிழமையும் பக்குரங்காவுக்குப் போனது. எனக்கு வராத சனிக்கிழமைகள் எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தன. இவர் சுவிட்ச் தேடிக் கொண்டுபோவார், அவர் கொம்பியூட்டரால் அதை உயிர்ப்பிப்பார். யாரும் கேட்காத காரியங்களுக்கெல்லாம் கண் திறந்தார்கள். ஒருநாள் பக்கத்து வீட்டுக் கிழவரின் காரில் ஒரு சுவிட்சை அமுக்கினால் பின் யன்னலுக்குக் கீழே பெரிய மஞ்சள் விளக்கு எரிந்தது. ஏன் என்று கேட்டேன். "அந்தாள் ராவில மீன் பிடிக்கப் போறவர்" என்றார் வின்சென்ற், நான்தான் விளங்காதவள் என்பதுபோல.

வீட்டில் அதிகம் கதைக்காத மனிதர் ஃபோனில் விக்னேஷோடு சிரித்துச் சிரித்துக் கதைத்தார். தோட்டத்துக்குப் போய்க் கதைத்தார். எந்த வயர் எந்தக் காரில் எந்த நிறம் என்பதில் இவ்வளவு சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிட்டேன். உள்ளே இருந்து, "ஆமா, வர்றேன்" என்று பதில் வந்தது. எங்கள் வீட்டில் ஓம் என்றுதான் சொல்வோம். அவர் பிறந்ததில் இருந்து ஓம் என்றுதான் சொன்னவர். கத்தரிக்காயைக் கரண்டியால் அள்ளி அவருடைய சோற்றுக் கோப்பையில் போட்டபோது வழக்கத்தைவிடச் சத்தமாகப் போட்டேன்.

"என்ன கோவம்?"

"கோவமில்லை. உங்கட கூட்டாளிக்கு உப்புப் போதுமோ எண்டு யோசிச்சன்."

"போன கிழமை கொஞ்சம் கூடிப்போச்சாம்."

உப்புப் போத்தலை எடுத்து அலுமாரிக்குள் வைத்தேன்.

அவர் இறந்ததும் அங்கேதான். விக்னேஷின் கராஜில், யாரோ ஒருவருடைய காரின் டாஷ்போர்டுக்குக் கீழே படுத்திருந்தபடி. இருதயம் நின்றுவிட்டது. அம்புலன்ஸ் வந்து ஒன்றும் செய்யமுடியவில்லை. ஆஸ்பத்திரியின் நீள வாங்கில் விக்னேஷ் எனக்குப் பக்கத்தில் கிரீஸ் பட்ட கையோடு உட்கார்ந்திருந்தார்.

"கடைசியா என்ன சொன்னவர்?" என்று கேட்டேன்.

அவர் தயங்கினார். எனக்குத் தெரியும், அவர் மற்றவர்களுக்காகப் பொய் சொல்லத் தெரிந்தவர். உங்க பேரைத்தாங்கக்கா சொன்னார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் நம்பியும் இருப்பேன்.

"பத்தாம் நம்பர் சாக்கெட்ட எடு தம்பின்னாருங்க. எடுத்துட்டுத் திரும்பறதுக்குள்ள..."

என் பெயரைச் சொல்லவேண்டிய வாயால் தம்பி என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கடைசிச் சொல் விக்னேஷிடம் இருக்கிறது. அதைத் திருப்பித் தா என்று கேட்க வழியில்லை.

முப்பத்தோராம் நாள் வீட்டில் பூசை வைத்துச் சாப்பாடு கொடுத்தோம். எல்லோரும் போன பிறகு விக்னேஷ் நின்று, வந்தவர்கள் உட்கார்ந்த கதிரைகளை அடுக்கினார். குசினிக்கு வந்து, கையைத் துடைத்தபடி கேட்டார்.

"அக்கா, தப்பா நினைக்கலேன்னா... அண்ணனோட துணி டேப் ஒண்ணு இருக்குமே. அவர் பாதியில விட்ட காரு இன்னும் அப்படியே நிக்குது. அந்த டேப்பாலயே சுத்தி முடிச்சுக் குடுக்கலாம்னு."

"அது முடிஞ்சுது விக்னேஷ்" என்றேன்.

டேப் ஃபிரிட்ஜுக்கு மேலே இருந்தது. மறைவிலும் இல்லை. அவருடைய காற்சட்டைப் பையில் இருந்த சாமானோடு ஆஸ்பத்திரியில் தந்ததை நான்தான் அங்கே வைத்தேன். அவருடைய கண் அங்கே போனது. அந்தக் கறுப்பு வட்டத்தில் ஒரு கணம் நின்று, திரும்பி வந்தது.

"ஆமாங்கக்கா. முடிஞ்சிருக்கும். நெறய வேலை பண்ணாருல்ல."

சொல்லிவிட்டு மிச்சக் கதிரைகளை அடுக்கப் போனார்.

வின்சென்றின் கோப்பை அன்றைக்குப் பிரிச்சில் ஏன் தட்டுப்பட்டது என்று எனக்கு அப்போதுதான் சரியாக விளங்கியது. நம்முடைய பொய்யைச் சத்தமில்லாமல் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு போகிற மனிதரை என்ன செய்வது? வெறுக்கவும் முடியாது. அவர் அளவுக்கு நல்லவராகவும் முடியாது. சட்டியைத் தூக்கிக்கொண்டு அவருடைய வீட்டுக்குப் போவது ஒன்றுதான் வழி.

இன்று சனிக்கிழமை. கத்தரிக்காய்க் குழம்பு வைத்துக்கொண்டு போனேன், உப்புக் குறைத்து. விக்னேஷின் வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்திச் சாவியை எடுத்தேன். மாதா கண் மூடினார். டேப்பைப் பையில் இருந்து எடுத்தேன். அதன் நுனியில், வின்சென்ற் கடைசியாகக் கிழித்து மடித்த காது அப்படியே இருந்தது. அவருடைய பெருவிரலின் கிரீஸ் கோடுகள் அதில் தெரிந்தன. கைப்பையில் இருந்த சின்னக் கத்தரிக்கோலால் அந்தக் காதை மட்டும் வெட்டி எடுத்தேன். மாதாவின் காலடியில், சிலைக்குக் கீழே ஒட்டினேன். மிச்ச நுனியைச் சுருளோடு சேர்த்து நன்றாக அழுத்தித் தடவிவிட்டேன்.

கராஜுக்குள் அந்தக் கார் நின்றது. டாஷ்போர்டில் ஒரு மூடி கழற்றியபடி, வயர்கள் தொங்கிக்கொண்டு. ஸ்டூலைத் துடைத்துப் போட்டார் விக்னேஷ்.

"டேப் இருந்தது" என்றேன். "ஃபிரிட்ஜுக்கு மேல."

"அப்படிங்களா" என்றார். முதல் தரம் கேள்விப்படுகிறவரின் முகம். கை கழுவிவிட்டு வந்து இரண்டு கையாலும் வாங்கினார்.

பிறகு காருக்குள் குனிந்து, வயர்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சுருளைப் பெருவிரலால் உருட்டினார். காது இருக்கவேண்டிய இடத்தை விரல் தேடியது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. நுனி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நகத்தால் சுரண்டத் தொடங்கினார்.

சுரண்டட்டும் என்று நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.